கொழும்பு அலுவலகத்தில் மூன்று சேர்வர்களில் கே3எஸ்: மின்வெட்டுக்குப் பிறகும் தானாக எழும்பும் கிளஸ்டர்

பல சேர்வர்களை ஒரே கூட்டமாக (கிளஸ்டராக) இணைத்து அதில் செயலிகளை ஓட்டும் மென்பொருள்தான் குபர்நெட்டிஸ். அதைப் பற்றிய வழிகாட்டிகள் பெரும்பாலும் ஒரு விஷயத்தைச் சொல்லாமலே எடுத்துக்கொள்கின்றன: கரண்ட் போகாது, இணைய இணைப்பு அறுபடாது, சேர்வர் எங்கோ ஒரு பெரிய டேட்டா சென்டரில் குளிரில் இருக்கும். கொழும்பில் ஒரு சிறிய நிறுவனத்தின் இரண்டாம் மாடியில், ஏசிக்குக் கீழே மூன்று இயந்திரங்களை அடுக்கி வைத்திருப்பவர்களுக்கு இந்த மூன்றுமே பொருந்தாது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதில் நாடு முழுக்க இருட்டானது. அதனால் இந்த வழிகாட்டியில் ஒவ்வொரு படியிலும் ஒரே கேள்வியைக் கேட்கிறேன்: எல்லாம் நின்று, பிறகு கரண்ட் வந்தால், யாரும் கை வைக்காமல் இது எழும்புமா?

முதலில் ஒரு சொல். உங்களிடம் ஒரே ஒரு வெப் செயலியும் ஒரு டேட்டாபேஸும் மட்டும் இருந்தால் கிளஸ்டர் வேண்டாம். செயலிகளைக் கொன்டெய்னர் எனும் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டொக்கர் கொம்போஸ் ஒரு சேர்வரில் போதும், நிம்மதியாக இருக்கலாம். ஐந்தாறு செயலிகள், இரண்டு மூன்று பேர் அடிக்கடி புது வேர்ஷன் போடுவது, ஒரு இயந்திரம் செத்தாலும் வேலை நிற்கக் கூடாது என்ற நிலை வந்தால்தான் இந்தப் பாடு தகும்.

கே3எஸ் ஏன்? 2019இல் ராஞ்சர் லாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட, எடை குறைந்த குபர்நெட்டிஸ் பதிப்பு இது. 2020இல், குபர்நெட்டிஸைப் பராமரிக்கும் அமைப்பான சிஎன்சிஎஃப்பிடம் கையளிக்கப்பட்டது. 100 எம்பிக்கும் குறைவான ஒரே பைலில் கொன்டெய்னர்டி (கொன்டெய்னர்களை ஓட்டுவது), ஃபிளானல் (உள் நெட்வேர்க்), கோர்டிஎன்எஸ் (உள்ளே பெயர் தேடுவது), ட்ராஃபிக் (வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளைச் செயலிகளுக்குப் பிரித்து அனுப்புவது) எல்லாம் சேர்ந்தே வருகின்றன. சேர்வர் நோடுக்கு (கிளஸ்டரில் உள்ள ஒவ்வோர் இயந்திரமும் ஒரு நோட்) 2 கோர், 2 ஜிபி ராம் இருந்தால் ஓடத் தொடங்கும். ஆனால் உங்கள் செயலிகளும் அதே இயந்திரத்தில்தான் ஓடப் போகின்றன. 8 ஜிபிக்குக் குறைய வாங்காதீர்கள். 16 இருந்தால் மனம் ஆறும்.

இயந்திரங்கள்

மூன்று வேண்டும். இரண்டு ஒன்றை விட மோசம். கிளஸ்டரின் நினைவகமான எட்சிடி, பாதிக்கு மேற்பட்டவர்கள் உடன்பட்டால்தான் எதையும் எழுதும். மூன்றில் ஒன்று போனால் இரண்டு மிஞ்சும், வேலை நடக்கும். இரண்டில் ஒன்று போனால் மிஞ்சிய ஒன்றால் எதையும் முடிவெடுக்க முடியாது. நான்கு வைத்தாலும் ஒன்றைத்தான் இழக்கலாம்; ஐந்து வைத்தால் இரண்டை இழக்கலாம்.

மூன்றும் ஒரே கட்டடத்தில், ஒரே சுவிட்சில் இருக்கட்டும். ஒன்றைக் கொழும்பிலும் மற்றதைச் சிங்கப்பூர் கிளவுடிலும் வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். எட்சிடி நோடுகள் ஓயாமல் ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டிருக்கும். கடலடிக் கேபிளின் தாமதம் நடுவில் வந்தால் தலைமை யாருக்கு என்ற தேர்தலே நடந்துகொண்டிருக்கும்.

டிஸ்க் எஸ்எஸ்டியாக இருப்பது கட்டாயம். எட்சிடி ஒவ்வொரு எழுத்தையும் டிஸ்க்கில் பதிந்துவிட்டுத்தான் சரி என்கிறது. அந்தப் பதிவு 100இல் 99 முறை 10 மில்லிசெக்கனுக்குள் முடிய வேண்டும் என்பது அதன் வழக்கமான அளவுகோல். பழைய ஹார்ட் டிஸ்க்கிலோ மெமரி கார்டிலோ போட்டால், லொக்கில் ‘அப்ளை ரிக்வெஸ்ட் டுக் டூ லோங்’ என்ற வரி மழை போல் கொட்டும். அந்த வரியைக் கண்டால் மென்பொருளில் தேடாதீர்கள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போய் மூன்று எஸ்எஸ்டி வாங்கி வாருங்கள்.

யூபிஎஸ் வாங்கும்போது சேர்வரை மட்டும் கணக்கில் எடுக்காமல் நெட்வேர்க் சுவிட்சையும் ரவுட்டரையும் அதில் சேருங்கள். சேர்வர்கள் மூன்றும் ஓட, சுவிட்ச் மட்டும் அணைந்தால், ஒவ்வொன்றும் மற்ற இரண்டும் செத்துவிட்டதாகத்தான் நினைக்கும். கட்டடத்தில் ஜெனரேட்டர் இருந்தாலும் அது எடுத்துக் கொடுக்கும் வரையான சில வினாடிகளுக்கு யூபிஎஸ் வேண்டும்.

இன்னொன்று, எல்லோரும் மறப்பது: பயோஸ் அமைப்புக்குள் போய், மின்சாரம் திரும்பினால் என்ன செய்வது என்ற இடத்தில் ‘பவர் ஒன்’ என்று வையுங்கள். பல இயந்திரங்கள் அணைந்தபடியே இருப்பதாகத்தான் கடையிலிருந்து வருகின்றன. இதை மாற்றாவிட்டால், மற்ற எல்லாவற்றையும் எவ்வளவு அழகாக அமைத்தாலும், ஞாயிறு இரவு யாராவது அலுவலகத்துக்கு வந்து பொத்தானை அமுக்க வேண்டும்.

நெட்வேர்க்கும் பெயர்களும்

மூன்றிலும் உபுண்டு சேர்வர் அல்லது டெபியன் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நிலையான ஐபி கொடுங்கள். இங்கே 192.168.10.11, 12, 13 என்று வைத்துக்கொள்வோம். 10ஐ வெறுமையாக விடுங்கள், பிறகு தேவைப்படும். ரவுட்டர் தானாகக் கொடுக்கும் ஐபியை நம்பக் கூடாது. மின்வெட்டுக்குப் பிறகு ரவுட்டரும் சேர்ந்து எழும்பும்போது வேறு எண் வந்தால் எட்சிடி தன் கூட்டாளிகளைத் தேடி அலையும்.

பெயர்கள் ஒன்றோடொன்று ஒத்துப் போகக் கூடாது. காலி வீதியில் வரிசையாக வரும் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி என்று நான் வைப்பேன். ‘வெள்ளவத்தை விழுந்துவிட்டது’ என்று சொன்னால் அறையில் இருக்கும் எல்லோருக்கும் விளங்கும்.

திறக்க வேண்டிய போர்ட்கள்: டிசிபி 6443 கிளஸ்டருக்குக் கட்டளைகள் போகும் ஏபிஐக்கு, 2379உம் 2380உம் எட்சிடிக்கு, 10250 ஒவ்வொரு நோடிலும் கொன்டெய்னர்களைக் கவனிக்கும் கியூப்லெட்டுக்கு, யூடிபி 8472 ஃபிளானலுக்கு. கடைசியில் சொன்ன 8472 நோடுகளுக்கிடையே மட்டுமே. அதை வெளி இணையத்துக்குத் திறந்தால் எவரும் உங்கள் உள் நெட்வேர்க்குக்குள் நுழையலாம். யூஎஃப்டபிள்யூ ஃபயர்வோல் ஓடினால் 10.42.0.0/16, 10.43.0.0/16 இரண்டிலிருந்தும் வருவதை அனுமதியுங்கள். முன்னது பொட்களின் (செயலியின் கொன்டெய்னர் ஓடும் அலகுகளின்) முகவரி வரிசை, பின்னது சேர்விஸ்களின் (ஒரு செயலியின் பொட்களுக்கான பொது முகவரிகளின்) வரிசை. உங்கள் அலுவலக விபிஎன் ஏற்கெனவே 10.42இல் இருந்தால் இப்போதே வேறு வரிசை தெரிவு செய்யுங்கள். கிளஸ்டர் எழும்பிய பின் அதை மாற்றுவது, திரும்ப முதலிலிருந்து கட்டுவதுதான்.

நேரம் ஒத்துப் போக குரோனி போடுங்கள். மின்வெட்டுக்குப் பின் மணிக்கூட்டு பற்றரி செத்த பழைய இயந்திரம் ஏதோ ஒரு பழைய ஆண்டைக் காட்டிக்கொண்டு எழும்பினால், டிஎல்எஸ் சான்றிதழ்கள் எல்லாம் செல்லாதவை ஆகிவிடும்.

அமைப்புக் கோப்பு, நிறுவுவதற்கு முன்

கே3எஸ்ஸை நிறுவும் கட்டளையின் வாலில் நீளமாக விருப்பங்களை ஒட்டுவது வழக்கம். அதைச் செய்யாதீர்கள், ஆறு மாதம் கழித்து என்ன கொடுத்தோம் என்று யாருக்கும் நினைவிருக்காது. ஈடிசி ஃபோல்டருக்குள் ராஞ்சர், அதற்குள் கே3எஸ் என்று ஃபோல்டர் உருவாக்கி, கொன்ஃபிக் டொட் யாமல் என்ற கோப்பில் எழுதுங்கள். அந்தக் கோப்பை, டோக்கன் வரியைத் தவிர, கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளில் வையுங்கள்.

முதல் சேர்வரின் கோப்பில் இருக்க வேண்டியவை இவை.

கிளஸ்டர்-இனிட்: ட்ரூ. இதைப் போடாவிட்டால் கே3எஸ் ஒரே இயந்திரத்துக்கான எஸ்கியூலைட்டில் தொடங்கும். போட்டால் எட்சிடி தொடங்கும்.

டோக்கன்: சேர்வர்கள் கிளஸ்டரில் சேரக் காட்டும் ரகசியச் சொல்; நீளமான, எழுந்தமானமான எழுத்துவரிசை. நீங்கள் கொடுக்காவிட்டால் கே3எஸ் தானே ஒன்றை உருவாக்கும். ஆனால் நீங்களே கொடுத்து, அதை அலுவலகப் பாஸ்வேர்ட் பெட்டகத்தில் வைப்பது நல்லது. பேக்கப்பிலிருந்து மீட்கும்போது இந்த டோக்கன் இல்லாமல் ஒன்றும் நடக்காது. பேக்கப் இருந்தும் டோக்கன் இல்லாதவருக்குக் கிளஸ்டர் போனது போனதுதான்.

சீக்ரெட்ஸ்-என்கிரிப்ஷன்: ட்ரூ. இந்த வரி இல்லாவிட்டால், குபர்நெட்டிஸ் சீக்ரெட் என்ற பெயரில் நீங்கள் வைக்கும் பாஸ்வேர்ட்கள் எட்சிடிக்குள் மறையாக்கம் இல்லாமலே கிடக்கும். பேஸ்64 வெறும் உருமாற்றம்தான். வாடிக்கையாளர் விபரம் வைத்திருக்கும் எவரும், 2022இன் 9ஆம் இலக்க தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில், இந்த ஒரு வரியைத் தவிர்க்கக் காரணமே இல்லை. தொடக்கத்திலேயே போட்டால் ஒரு வேலையும் கூடாது.

டிஎல்எஸ்-சான்: ஏபிஐயின் சான்றிதழில் சேர வேண்டிய கூடுதல் முகவரிகள். இதன் கீழ் 192.168.10.10ஐயும், ஒரு உள் டொமைன் பெயர் வைத்திருந்தால் அதையும் எழுதுங்கள். நாம் ஒதுக்கி வைத்த அந்த 10, மூன்று சேர்வர்களுக்கும் பொதுவான மிதக்கும் முகவரி. கியூப்-விஐபி என்ற சிறிய செயலி அதை உயிரோடு இருக்கும் சேர்வருக்கு மாற்றிக்கொண்டே இருக்கும். அது இல்லாவிட்டால் உங்கள் லப்டொப் வெள்ளவத்தையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும். வெள்ளவத்தை போன அன்று கிளஸ்டர் நன்றாக ஓடினாலும் நீங்கள் குருடர்.

இரண்டாம், மூன்றாம் சேர்வர்களின் கோப்பில் கிளஸ்டர்-இனிட் வரியை எடுத்துவிட்டு, சேர்வர் என்ற வரியில் முதலாவதின் முகவரியை 6443 போர்ட்டோடு கொடுங்கள். மற்றவை எழுத்துக்கு எழுத்து அதே. சீக்ரெட்ஸ்-என்கிரிப்ஷன் ஒன்றில் இருந்து மற்றதில் இல்லையென்றால், அமைப்பு பொருந்தவில்லை என்று சொல்லி இரண்டாவது சேர மறுக்கும்.

நிறுவுதல்

இது சிறிய வேலை. கெட் டொட் கே3எஸ் டொட் ஐஓ தளத்தின் ஸ்கிரிப்டை கேர்ல் வழியாக எடுத்து ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். ஓட்டும்போது இன்ஸ்டோல்_கே3எஸ்_வேர்ஷன் என்ற மாறியில் வேர்ஷன் எண்ணைக் கட்டாயம் கொடுங்கள். கொடுக்காவிட்டால் அன்றைய நிலையான பதிப்பு வரும். அடுத்த வருடம் ஓர் இயந்திரத்தை மாற்றும்போது வேறொன்று வந்து நிற்கும். கே3எஸ்_யூஆர்எல் மாறியை இங்கே கொடுக்க வேண்டாம். அது இருந்தால் ஸ்கிரிப்ட் அந்த இயந்திரத்தை வெறும் ஏஜென்டாக நிறுவிவிடும், எட்சிடியில் சேராது.

முதலாவது எழும்பும் வரை பொறுத்து, கே3எஸ் கியூப்சிடிஎல் கெட் நோட்ஸ் என்று அடியுங்கள் (கியூப்சிடிஎல் என்பது கிளஸ்டரை ஆளும் கட்டளைக் கருவி). ‘ரெடி’ வந்தால் இரண்டாவதுக்குப் போங்கள், அப்புறம் மூன்றாவது. இரண்டையும் ஒரே நேரத்தில் சேர்க்காதீர்கள். முடிவில் மூன்று வரிகளிலும் ரோல் பகுதியில் எட்சிடி என்ற சொல் இருக்க வேண்டும்.

லப்டொப்பிலிருந்து ஆள, அதே கே3எஸ் ஃபோல்டரில் உள்ள கே3எஸ் டொட் யாமலைப் பிரதி எடுத்து, உள்ளே 127.0.0.1 என்று இருப்பதை 192.168.10.10 ஆக்குங்கள். அந்தக் கோப்பு முழுக் கிளஸ்டருக்குமான சாவி; வட்ஸ்அப் குழுவில் போடுகிற பொருள் இல்லை.

இமேஜ்கள்: கொழும்பில் அதிகம் வதைக்கும் இடம்

கரண்ட் வந்ததும் சேர்வர்கள் எழும்பிவிடும். ஃபைபர் இணைப்பு உடனே வருவதில்லை; சேவை வழங்குநரின் பக்கத்திலும் ஏதாவது எழும்ப வேண்டியிருக்கும். அந்த இடைவெளியில் உங்கள் பொட்கள் என்ன செய்யும் என்பது ஒரு வரியில் தங்கியிருக்கிறது. இமேஜுக்கு (கொன்டெய்னரைத் தொடங்கப் பயன்படும், செயலி அடங்கிய பொதிக்கு) ‘லேட்டஸ்ட்’ என்று டேக் கொடுத்திருந்தால் குபர்நெட்டிஸ் இமேஜ்புல்பொலிசியை ‘ஓல்வேஸ்’ என்று எடுத்துக்கொள்ளும். அதாவது இமேஜ் டிஸ்க்கில் இருந்தாலும், அது இன்னும் புதிதா என்று, இமேஜ்களைச் சேமித்து வழங்கும் ரெஜிஸ்ட்ரியைக் கேட்காமல் தொடங்காது. இணையம் இல்லை, பதில் வராது, ‘இமேஜ்புல்பேக்ஓஃப்’ என்று தொங்கிக்கொண்டு நிற்கும். டிஸ்க்கில் இமேஜ் இருக்கிறது, சேர்வர் நலமாக இருக்கிறது, செயலி மட்டும் ஓடவில்லை.

மருந்து சுலபம். ஒவ்வொரு இமேஜுக்கும் நிலையான டேக், 1.4.2 போல. பொலிசி ‘இஃப்நொட்பிரசன்ட்’. லேட்டஸ்ட் என்ற சொல் உங்கள் யாமல்களில் (செயலிகளை விவரிக்கும் கோப்புகளில்) எங்குமே இருக்கக் கூடாது.

இரண்டாவது தொல்லை, பொது ரெஜிஸ்ட்ரியான டொக்கர் ஹப்பின் கட்டுப்பாடு. 2020 நவம்பரில் அது வந்தபோது, கணக்கில்லாமல் எடுப்பவருக்கு ஒரு ஐபிக்கு 6 மணி நேரத்தில் 100 முறை என்று வரையறுத்தார்கள். அலுவலகம் முழுவதும் ஒரே பொது ஐபியில் வெளியே போகிறது; டெவலப்பர்களின் லப்டொப்பும், பில்ட் சேர்வரும், மூன்று நோடும் சேர்ந்தால் அது சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆகவே உள்ளே ஒரு ரெஜிஸ்ட்ரி வையுங்கள். கே3எஸ் ஃபோல்டரில் ரெஜிஸ்ட்ரீஸ் டொட் யாமல் என்ற கோப்பை உருவாக்கி, டொக்கர் டொட் ஐஓவுக்கான மிரராக அதன் முகவரியைக் கொடுத்தால் எல்லா நோடும் முதலில் அங்கேதான் போகும். கோப்பை மாற்றினால் கே3எஸ்ஸை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

அந்த ரெஜிஸ்ட்ரியைக் கிளஸ்டருக்குள் ஓட்டாதீர்கள். கிளஸ்டர் எழும்ப ரெஜிஸ்ட்ரி வேண்டும், ரெஜிஸ்ட்ரி எழும்பக் கிளஸ்டர் வேண்டும் என்று கோழியும் முட்டையுமாகிவிடும். மூலையில் கிடக்கும் நாஸ் (நெட்வேர்க் சேமிப்பு) பெட்டியோ பழைய கணினியோ போதும்.

செயலியை எழுதும் விதம்

செயலியை எப்படி ஓட்டுவது என்று சொல்லும் டிப்ளொய்மென்டில் ரெப்ளிக்கா (ஒரே செயலியின் பிரதிகள்) குறைந்தது 2. அவை இரண்டும் ஒரே நோடில் போய்க் குந்தாதபடி டொபொலொஜி ஸ்பிரெட் விதியை ஹோஸ்ட்நேமின் மீது கொடுங்கள். பொட் கோரிக்கைகளை ஏற்கத் தயாரா என்று பார்க்கும் ரெடினஸ் புரோப் கட்டாயம்; டேட்டாபேஸ் இணைப்பு கிடைத்த பிறகுதான் அது ‘சரி’ என்று சொல்ல வேண்டும். செயலி உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் கொன்று மறுபடி தொடங்கும் லைவ்னஸ் புரோபில் டேட்டாபேஸைச் சேர்க்காதீர்கள். மின்வெட்டுக்குப் பிறகு டேட்டாபேஸ் மெதுவாக எழும்பும்போது எல்லாச் செயலிகளும் வரிசையாகக் கொல்லப்பட்டு மறுபடி தொடங்கிக்கொண்டே இருக்கும்.

மெமரிக்கு ரிக்வெஸ்டும் (ஒதுக்கும் அளவு) லிமிட்டும் (உச்ச அளவு) இரண்டும் கொடுங்கள். மூன்று நோடில் ஒன்று போனால் மிஞ்சிய இரண்டில் எல்லாம் அடங்குமா என்று கூட்டிப் பாருங்கள். அடங்காவிட்டால் மூன்றாவது நோட் உங்களுக்குக் காப்பு இல்லை.

இரவு வேலைகளைக் குறித்த நேரத்தில் ஓட்டும் குரோன்ஜொப் எழுதினால் டைம்சோன் வரியில் ஏசியா/கொழும்பு என்று போடுங்கள், குபர்நெட்டிஸ் 1.27 முதல் இது நிலையான வசதி. போடாவிட்டால் சேர்வர் யூடிசியில் இருந்தால் இரவு 1 மணிக்கு என்று நினைத்த அறிக்கை காலை 6.30க்கு வரும்.

டேட்டா எங்கே இருக்கும்

கே3எஸ்ஸோடு வரும் லோக்கல்-பாத் சேமிப்பு, டேட்டாவை ஒரே நோடின் டிஸ்க்கில் வைக்கிறது. அந்த நோட் போனால் பொட் வேறெங்கும் போக முடியாமல் ‘பெண்டிங்’ என்று காத்திருக்கும். லோங்ஹோர்ன் போட்டால் டேட்டா பல நோடுகளில் பிரதியாகும், அதுவும் ராஞ்சர் ஆட்களின் படைப்புத்தான். பதிவேற்றிய படங்கள், ஆவணங்கள் போன்றவற்றுக்கு அது சரி. ஆனால் போஸ்ட்கிரஸ், மைஎஸ்கியூஎல் போன்றவற்றை, குபர்நெட்டிஸில் பழக்கம் வரும் வரைக்குமாவது, கிளஸ்டருக்கு வெளியே தனி இயந்திரத்தில் வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். திடீரென்று கரண்ட் போகும் ஊரில் டேட்டாபேஸுக்கு நேரடியாக ஒரு டிஸ்க், ஒரு யூபிஎஸ், தினசரி டம்ப் இருப்பது பெரிய ஆறுதல்.

வெளியே திறப்பது

ட்ராஃபிக் ஏற்கெனவே 80, 443 இரண்டிலும் காத்திருக்கிறது. எந்தப் பெயருக்கு வரும் கோரிக்கை எந்தச் செயலிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் இன்கிரஸ் எழுதினால் போதும். லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழுக்கு சேர்ட்-மனேஜர் போடுங்கள். உங்கள் இணைப்பில் தனிப் பொது ஐபி இல்லாவிட்டால் எச்டிடிபி வழிச் சரிபார்ப்பு நடக்காது, டிஎன்எஸ் வழியைத் தெரிவு செய்யுங்கள்.

பேக்கப்

எட்சிடி ஓடும் கே3எஸ் 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை தானாக ஸ்னாப்ஷொட் எடுத்து, கடைசி ஐந்தை வைத்திருக்கும். அதே டிஸ்க்கில். டிஸ்க் போனால் அதுவும் போகும் என்பதால், எட்சிடி-எஸ்3 வரிகளை அமைப்புக் கோப்பில் சேர்த்து வெளியே அனுப்புங்கள். நாஸில் ஓடும் மினியோ சேமிப்பு மென்பொருளும் சரி, மும்பையில் உள்ள கிளவுட் பக்கட்டும் (சேமிப்பிடமும்) சரி.

மீட்கும் முறை: மூன்றிலும் கே3எஸ்ஸை நிறுத்துங்கள். ஒன்றில் கே3எஸ் சேர்வர் கட்டளையை கிளஸ்டர்-ரீசெட், கிளஸ்டர்-ரீசெட்-ரெஸ்டோர்-பாத் என்ற இரண்டு விருப்பங்களோடும் பழைய டோக்கனோடும் ஓட்டுங்கள். அது முடிந்துவிட்டது என்று சொன்னதும் வழமைபோல் தொடங்குங்கள். மற்ற இரண்டிலும் பழைய டிபி ஃபோல்டரை அகற்றிவிட்டுத் திரும்பச் சேருங்கள். ஸ்னாப்ஷொட்டில் இருப்பது யாமல்களும் சீக்ரெட்டுகளும் மட்டுமே. உங்கள் படங்களும் ஆவணங்களும் அதில் இல்லை.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தல்

இதைச் செய்யாத கிளஸ்டரை நான் முடிந்ததாக எண்ணுவதில்லை. ஒரு சனிக்கிழமை, லப்டொப்பில் கியூப்சிடிஎல் கெட் பொட்ஸ் கட்டளையை வொட்ச் விருப்பத்தோடு ஓட விட்டு, கொள்ளுப்பிட்டியின் மின்கம்பியைக் கழற்றுங்கள். ஷட்டவுன் கொடுக்க வேண்டாம், கம்பியைத்தான்.

முதலில் ஒன்றுமே நடக்காது. ஏறக்குறைய 40 முதல் 50 வினாடிக்குப் பின் நோட் ‘நொட்ரெடி’ ஆகும். அந்த நேரத்தில் அதிலிருந்த பொட்களுக்குப் போக்குவரத்து நிற்கும், மற்ற ரெப்ளிக்கா சுமக்கும். பொட்கள் வேறு நோடில் பிறக்க மேலும் 5 நிமிடம் ஆகும். பதறி எதையும் அழிக்காதீர்கள். இந்த 5 நிமிடம் டொலரேஷன்செக்கண்ட்ஸ் 300 என்ற இயல்பு அமைப்பிலிருந்து வருகிறது. அவசரமான செயலிக்கு அதை 30 ஆக்கலாம். எல்லாவற்றுக்கும் குறைக்காதீர்கள், சுவிட்ச் ஒரு நிமிடம் தடுமாறினால்கூட பொட்கள் இங்குமங்கும் ஓடத் தொடங்கும். பழைய பொட் ‘டெர்மினேட்டிங்’ என்று நிற்பதும் வழமைதான், நோட் திரும்பினால் மறையும்.

அப்புறம் பம்பலப்பிட்டியையும் கழற்றுங்கள். கியூப்சிடிஎல் பதில் சொல்லாது. ஆனால் வெள்ளவத்தையில் ஏற்கெனவே ஓடும் கொன்டெய்னர்கள் ஓடிக்கொண்டே இருக்கும். புதிதாக எதையும் முடிவெடுக்க முடியாது, அவ்வளவுதான்.

கடைசியாக மூன்றையும் ரவுட்டரையும் சேர்த்து அணைத்து, சேர்வர்களுக்கு மட்டும் கரண்ட் கொடுங்கள், இணையம் இல்லாமல். முதலில் எழும்பும் சேர்வர் தனியாக எதுவும் செய்யாது, லொக்கில் மற்றவரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். இரண்டாவது வந்ததும் இரண்டும் சேர்ந்து உயிர் பெறும். இணையம் இல்லாமலே எல்லாப் பொட்டும் ‘ரன்னிங்’ ஆனால் இமேஜ் பகுதியைச் சரியாகச் செய்திருக்கிறீர்கள். தொங்குகிற பொட் எது என்று குறித்துக்கொண்டு அதன் யாமலைத் திருத்துங்கள்.

தொடர்ந்து பார்க்க வேண்டியவை

குபர்நெட்டிஸ் வருடத்துக்கு மூன்று பதிப்பு வெளியிடுகிறது, ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 14 மாதம் ஆதரவு. ஒவ்வொரு எண்ணாக ஏறுங்கள், நடுவில் தாண்டாதீர்கள். முறை: புது ஸ்னாப்ஷொட் எடுத்து, ஒரு நோடை டிரெயின் செய்து (அதன் பொட்களை வேறு நோடுகளுக்கு அனுப்பி), அதே ஸ்கிரிப்டைப் புது வேர்ஷன் எண்ணோடு ஓட்டி, ‘ரெடி’ ஆனதும் அன்கோர்டன் செய்து (மீண்டும் பொட்களை ஏற்க விட்டு), அடுத்ததுக்குப் போவது.

கே3எஸ்ஸின் உள் சான்றிதழ்கள் 365 நாள் செல்லும். காலாவதிக்கு அருகில் வந்தபின் ரீஸ்டார்ட் செய்தால் தானாகப் புதுப்பிக்கும். வருடத்துக்குச் சில முறை பதிப்பு ஏற்றுபவருக்கு இந்தக் கவலையே வராது. ஒரு வருடம் தொடாமல் விட்டவருக்கு ஒரு காலையில் கியூப்சிடிஎல் கதவைச் சாத்தும். அப்போதும் நோடுகளை ஒவ்வொன்றாக ரீஸ்டார்ட் செய்தால் திரும்பும்.

பதிப்பு ஏற்ற நாள் தேடுகிறீர்கள் என்றால் போயா நாள் (பௌர்ணமி விடுமுறை) காலை நல்லது. மாதம் தவறாமல் வரும், பாவனையாளர்கள் குறைவு, ஏதாவது பிசகினால் மறுநாள் காலை வரை நேரம் இருக்கும். டிரெயின் செய்யத் தொடங்குமுன் நாஸ் ஓடுகிறதா, கடைசி ஸ்னாப்ஷொட் உண்மையில் அங்கே வந்து சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.